வில்லின் முதுகில் ஆட்டுத்தோல்

கடந்த ஆண்டு ஒரு பண்பாட்டு விழாவில் நான் செய்த வில்லைக் காட்சிக்கு வைக்கக் கேட்டார்கள். எந்த அமைப்பு, எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் இது அவர்களைப் பற்றிய கட்டுரையாகிவிடும். இது நம்மைப் பற்றியது. முதலில் என்னைப் பற்றியது.

மண்டப வாசலில் பெரிய பதாகை. சேரனின் வில், அம்பு, கூடவே வீரம், மரபு என்று வழக்கமான சொற்கள். ஏற்பாட்டாளர்களில் மூத்தவர் ஒருவர் வந்து வில்லைக் கையில் எடுத்தார். உண்மையிலேயே மகிழ்ந்துபோனார். "நம்ம பையன் கையால செஞ்சது" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் காட்டினார். பிறகு வில்லைத் திருப்பி, முதுகைத் தடவியபடி கேட்டார்.

"இது என்னா தம்பி வெள்ளையா? பிளாஸ்டிக்கா?"

"ஆட்டுத்தோலுங்கய்யா. இதோ இந்த அண்ணன்தான் எடுத்துக் குடுத்தாரு."

கையை எடுத்துவிட்டார். ஜிப்பாவில் துடைத்துக்கொண்டார். என் பக்கத்தில் நின்ற அண்ணனைப் பார்த்து, "உருமிக்குத் தோல் கட்டுறவரா?" என்று கேட்டுச் சிரித்தார். கை கொடுக்கவில்லை. பிறகு என்னைத் தனியாக அழைத்துப்போய் மெதுவாகச் சொன்னார்: "வில்ல மேடையில சாமி படத்துக்குப் பக்கத்துல வைக்கிறதா இருந்தோம். தோலு விஷயத்த மைக்ல சொல்ல வேணாம். அடுத்த தடவ மேல பாம்புத்தோல் டிசைன்ல ஸ்டிக்கர் ஒட்டிடுங்க. ஃபினிஷிங் நல்லா இருக்கும்."

நான் "சரிங்கய்யா" என்றேன்.

திரும்பி வந்தபோது அண்ணன் அங்கே இல்லை. "நீ பாரு தம்பி, நான் கார்ல இருக்கேன்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியிருந்தார். மேடையில் அந்த நேரம் மிருதங்கம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அதன் இரண்டு முகத்திலும் தோல்தான்.

அந்த "சரிங்கய்யா"வுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

*

வில்லைப் பற்றி நம்மிடம் பேச்சுக்குப் பஞ்சமில்லை. இராமனுக்குக் கோதண்டம், அர்ஜுனனுக்குக் காண்டீபம், கட்டைவிரலை இழக்க ஏகலைவன். பட்டிமன்றத்தில் மூன்று நாள் பேசலாம். ஆனால் ஒரு கட்டை எப்படி வில்லாகிறது என்று கேட்டால் சபை அமைதியாகிவிடும். எனக்கும் தெரியாது. உள்ளூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் இயந்திரப் பொறியியல் படித்து, தொழிற்சாலை வேலைக்குப் போய், ஊரடங்குக் காலத்தில் யூடியூப் பார்த்துத்தான் ஆரம்பித்தேன்.

முதலில் இரண்டு சொற்கள். வில்லை வளைத்து நிற்கும்போது இலக்கைப் பார்க்கும் பக்கம் முதுகு. நம்மைப் பார்க்கும் பக்கம் வயிறு. நாணை இழுத்தால் வயிறு நசுங்கும், முதுகு நீளும். நடுவில் ஒரு கோடு நீளாமலும் நசுங்காமலும் இருக்கும். அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு இழுபடும். 14 மில்லிமீட்டர் தடிப்புள்ள கட்டையை 900 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைத்தால் முதுகின் மேற்பரப்பு ஏறக்குறைய 0.8 விழுக்காடு நீளும். கேட்க ஒன்றுமில்லாத எண். ஆனால் பெரும்பாலான மரம் 1 விழுக்காட்டை ஒட்டிப் போனாலே முறியும் விளிம்பில் நிற்கிறது. வில் என்பது முறிவுக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தப்பட்ட மரம்.

வயிறு கெட்டால் சுருக்கம் விழும், மெதுவாகச் சாகும். முதுகு கெட்டால் முன்னறிவிப்பே கிடையாது. ஒரு சிம்பு கிளம்பும், அடுத்த கணம் கையில் இரண்டு துண்டு.

அமெரிக்க வில் செய்முறைகளில் இதற்கு ஒரு பொன்விதி உண்டு. முதுகில் மரத்தின் ஓர் ஆண்டு வளையத்தை மட்டும் பின்தொடர்ந்து செதுக்கு, அதை வெட்டிவிடாதே. ஓசேஜ் ஆரஞ்சு மரத்திலும் ஆஷ் மரத்திலும் அந்த வளையம் தெளிவாகத் தெரியும். குளிர்காலம் வந்து மரம் வளர்ச்சியை நிறுத்துவதால் உண்டாகும் கோடு அது. நமக்கு ஏது குளிர்காலம்? நம் காட்டு மரங்களில் பெரும்பாலானவற்றில் வளையம் தெரியாது, தெரிந்தாலும் மங்கல். நான் மரக்கடையில் வாங்கியது கெம்பாஸ். கனமான, முரட்டு மரம். ஆனால் அதன் இழைகள் ஓர் அடுக்கில் இடது பக்கம், அடுத்த அடுக்கில் வலது பக்கம் என்று பின்னிக்கொண்டு போகும். பலகையாக அறுத்தாலே இழைகள் முதுகில் வெட்டுப்பட்டு முனை நீட்டி நிற்கும்.

என் முதல் வில் 20 அங்குல இழுவையில் வெடித்தது. தாடையில் ஒரு கீறல். கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. இரண்டாவது வில்லும் அதே கதி. இங்கே, இந்த மரத்தில், முதுகுக்கு ஏதாவது போர்த்தாமல் முடியாது என்று அப்போதுதான் புரிந்தது.

எல்லா வில்லுக்கும் தோல் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இங்கிலாந்தின் யூ மர நெடுவில்லுக்குத் தோல் கிடையாது. அந்த மரத்தின் வெளிப்புற வெள்ளைப் பகுதியே இழுவையைத் தாங்கிக்கொள்கிறது. என் கெம்பாஸ் பலகைக்குத் தேவைப்பட்டது. அது அழகுக்கான தேவை இல்லை. என் முகத்துக்கான தேவை.

*

தோல் என்றால் கைப்பை செய்யும் தோல் இல்லை. அது பதனிட்டது, மிருதுவானது, இழுத்தால் போய்க்கொண்டே இருக்கும். வில்லுக்கு வேண்டியது பதனிடாமல் முடி நீக்கிக் காயவைத்த தோல். மேளத்துக்குக் கட்டுகிற அதே தோல். தவிலுக்கு எருமையும் ஆடும், மலாய்க்காரர்களின் கொம்பாங்குக்கு ஆடு, சிங்க நடன முரசுக்கு மாடு. இந்த நாட்டின் மூன்று இனமும் ஒன்றாய் ஒத்துக்கொள்ளும் அபூர்வமான விஷயங்களில் இது ஒன்று.

இணையத்தில் தேடினால் அமெரிக்காவிலிருந்து வரும், தபால் செலவு தோலைவிட அதிகம். நண்பன் ஒருவன் கிள்ளான் பக்கம் உருமி மேளம் செய்கிற அண்ணன் ஒருவரைப் பற்றிச் சொன்னான். போனேன்.

போன முதல் நாள் நான் என்ன எடுத்துப்போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஜோடி ரப்பர் கையுறை, ஒரு முகக்கவசம். அண்ணன் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் கையில் எதுவும் இல்லை.

ஆட்டுக்கடையில் வெட்டிய அன்றே தோலை எடுத்துவந்துவிட வேண்டும். நம் ஊர் வெயிலில் ஒரு பகல் போதும் கெட்டுப்போக. உட்பக்கம் ஒட்டியிருக்கும் கொழுப்பையும் சதையையும் சுரண்டி எடுத்து, சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். தினமும் இரண்டு தடவை கிளறிவிட வேண்டும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ முடியைப் பிடித்து இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். ஒரு நாள் முந்தினால் முடி வராது. இரண்டு நாள் பிந்தினால் தோலின் மேற்பரப்பே கரைய ஆரம்பிக்கும். அண்ணனிடம் நாள்கணக்கு இல்லை. பின்னங்கால் பக்கத்தில் ஒரு கொத்து முடியை விரலால் திருகிப் பார்ப்பார். "இன்னைக்கு ராத்திரி எடுக்கணும்" என்பார். நான் பிஎச் தாளோடு போய் நின்றேன். சுண்ணாம்புத் தண்ணீர் எப்போதும் 12-ஐ ஒட்டித்தான் காட்டும். அது ஊறலின் காரத்தைச் சொல்லும், தோல் எந்தப் பக்குவத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லாது. என் கருவி அளக்க முடியாததை அவர் விரல் அளந்தது. இதை நான் கவித்துவத்துக்காகச் சொல்லவில்லை. அது அளவீடுதான். பல நூறு தோல்களில் அளவுதிருத்தம் செய்யப்பட்ட கருவி அது.

பிறகு பெரிய பிவிசி குழாயின் மேல் விரித்து, மழுங்கிய கத்தியால் முடியைத் தள்ள வேண்டும். அலசி, கொஞ்சம் வினிகர் கலந்த தண்ணீரில் சுண்ணாம்பை முறித்து, மீண்டும் அலசி, பலகையில் ஆணி அடித்து இழுத்து நிழலில் காயவைக்க வேண்டும். வெயிலில் வைத்தால் மேலே வெந்து உள்ளே அழுகும்.

நாற்றம் இருக்கிறது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இரண்டாம் நாள் என்னால் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் அது ஒரு தகவல் ஆனது. அழுகலின் நாற்றம் வேறு, சுண்ணாம்பில் ஊறும் தோலின் நாற்றம் வேறு என்று பிரித்தறியத் தொடங்கினேன். கையுறையைக் கழற்றியது ஐந்தாம் நாள். கழற்றினால்தான் தடிப்பு தெரிகிறது. ஆனால் சுண்ணாம்பு கையை அரிக்கும். அண்ணனின் விரல்நுனிகளைப் பார்த்தால் தெரியும். ஊறலில் கை விடும்போது கையுறை போடச் சொல்லி நான் ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்தேன். இப்போது போடுகிறார். அறிவு இரண்டு பக்கமும் போகலாம்.

*

தோல் கிடைத்தது. ஒட்டுவதுதான் வேலை என்று நினைத்தேன்.

நான் தோலை நடுவில் அகலமாக, வயிற்றுப் பகுதியையும் சேர்த்து வெட்டப் போனேன். அண்ணன் கையைப் பிடித்தார். "வயித்துத் தோலு லொடலொடன்னு நீளும் தம்பி. முதுகெலும்பு ஓடுற கோடு இருக்கு பாரு, அத ஒட்டி வெட்டு. அதான் கெட்டி." ஆட்டின் முதுகு வில்லின் முதுகுக்கு. 66 அங்குல வில்லுக்கு ஒரு தோலின் நீளம் போதாது. ஒரே தோலிலிருந்து பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பட்டை எடுத்து, பிடியில் ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி வைக்க வேண்டும். ஒரே தோலாக இருந்தால்தான் இரண்டு பாதிக்கும் தடிப்பு ஒத்துப்போகும்.

காய்ந்த பட்டையை மீண்டும் ஊறவைக்க நான் கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்தேன். "சுடுதண்ணி ஊத்தாத, சுருண்டுக்கும்" என்றார். பிறகு படித்துப் பார்த்தேன். பதனிடாத தோலின் கொலாஜன் 60 பாகை செல்சியஸைத் தாண்டும் இடத்தில் சடாரென்று சுருங்கும். பாடநூலில் இருப்பது அவர் கையில் இருந்தது. அவர் கையில் இருந்தது என் பாடத்திட்டத்தில் இல்லை.

மரத்தின் முதுகை ஹேக்ஸா பிளேடால் நீளவாக்கில் சுரண்டிச் சின்னச் சின்னக் கோடுகள் போட்டேன். ஸ்பிரிட்டால் துடைத்தேன். பசையில் தண்ணீர் கலந்து ஒரு மெல்லிய பூச்சுக் கொடுத்துக் காயவிட்டேன். மரம் முதல் பூச்சைக் குடித்துவிடும். குடித்து முடித்த மரத்தில்தான் அடுத்த பூச்சு மேலே நிற்கும்.

எந்தப் பசை என்பதில் எனக்கும் அண்ணனுக்கும் சண்டை. அவர் வச்சிரம்தான் என்றார். தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பழைய தச்சர் பசை. தோலுக்குத் தோலின் சாறு, அருமையான பசை. ஆனால் அது ஈரத்தில் இளகும், பூஞ்சை பிடிக்கும். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நாட்களில் 80 விழுக்காட்டைச் சுற்றித்தான். நான் டைட்பாண்ட் 3 என்றேன், தண்ணீர் தாங்கும் மரப் பசை. இந்தச் சண்டையில் நான் ஜெயித்தேன். பழையது எல்லாம் உயர்ந்தது என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொல்பவர்கள்தான் பதாகை கட்டுகிறார்கள்.

ஊறிய பட்டையைப் பிழிந்து, இரண்டு பக்கமும் பசை தடவி, பிடியிலிருந்து நுனியை நோக்கி வைத்து, நடுவிலிருந்து விளிம்புக்குக் கட்டைவிரலால் அழுத்திக் காற்றையும் மிச்சப் பசையையும் தள்ள வேண்டும். ஒரு குமிழ் கூட விடக்கூடாது. பிறகு மருந்துக்கடையில் விற்கும் கிரேப் பேண்டேஜால் நுனி முதல் நுனி வரை சுற்ற வேண்டும். மறுநாள் பிரித்துக் காற்றுப்பட விட வேண்டும். காயும்போது தோல் சுருங்கி மரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும்.

எப்போது காய்ந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதில் என் படிப்பு உதவியது. சமையலறைத் தராசில் தினமும் வில்லை நிறுத்தேன். எடை குறைந்துகொண்டே வந்து, 12-ஆம் நாளுக்குப் பிறகு நின்றது. நின்ற பிறகுதான் வளைத்தேன். அண்ணனுக்கு இது பிடித்துப்போயிற்று. இப்போது பெரிய மேளத் தோல்களை அவரும் நிறுத்துப் பார்க்கிறார்.

தோல் சேர்ந்த பிறகு வில்லின் எடை 40 கிராமுக்குள்தான் கூடியது. 26 அங்குலத்தில் இழுவை 38 பவுண்டு. தோலில்லாமல் இருந்ததைவிட ஒரு பவுண்டு கூட ஏறவில்லை. தோல் வில்லுக்குப் பலம் தராது. மரத்தைவிடப் பல மடங்கு நீளக்கூடியது என்பதால், மரத்தின் இழை எழும்பப் பார்க்கும் இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான் அதன் வேலை. அது இல்லாவிட்டால் மற்ற வேலை எதுவும் நடக்காது.

*

இனி எதிர்வாதங்கள். எல்லாவற்றையும் நேரில் கேட்டிருக்கிறேன்.

"ஃபைபர் கிளாஸ் ஒட்டலாமே, தோல் எதுக்கு?" ஒட்டலாம். நல்ல வில் கிடைக்கும். ஆனால் இதைச் சொன்னவர்கள் யாரும் மிருதங்கத்துக்கு ஃபைபர் முகம் கேட்டதில்லை. சொல்லவந்தது பொருளைப் பற்றி இல்லை, தோலைத் தொட வேண்டியிருப்பதைப் பற்றி.

"இது சாதி இல்ல, சுத்தம் சம்பந்தப்பட்டது." சரி. பெலாச்சான் இடிக்கும் வீட்டில் கை கொடுப்போம். கருவாட்டுக் கடையில் நின்று பேரம் பேசுவோம். அதே ஆட்டின் கறியை ஞாயிற்றுக்கிழமை பிரட்டல் வைத்து, எலும்பை உறிஞ்சித் தட்டில் போடுவோம். தொழிற்சாலையில் நான் தினமும் தொடும் கட்டிங் எண்ணெய் ஆட்டுத்தோலைவிட நாறும். அந்தக் கையை யாரும் ஜிப்பாவில் துடைத்ததில்லை. நாற்றம் பிரச்சினை என்றால் சோப்பு போதும். சோப்புப் போட்ட பிறகும் நீட்டப்படாத கைக்கு வேறு காரணம் இருக்கிறது.

"மலேசியாவில சாதி எங்கப்பா இருக்கு?" என் வீட்டில் சாதிப் பெயரை உச்சரிக்க மாட்டார்கள். படித்த குடும்பம். "நம்ம ஆளு", "அவங்க ஆளு" என்பார்கள். நான் "நம்ம ஆளு" பக்கத்தில் பிறந்தவன். தோல் ஊறப்போட்டிருக்கிறேன் என்று தெரிந்ததும் அத்தை அழைத்துக் கேட்டது நாற்றத்தைப் பற்றி இல்லை. "அது யாரு வேலன்னு தெரியுமாடா உனக்கு?" தெரிந்ததால்தான் கேட்கிறார். இல்லாத ஒன்றை எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள்? கப்பலில் வந்தபோது நம் பாட்டன்கள் கொண்டுவந்த பெட்டியில் என்னென்னவோ தொலைந்தது. இது மட்டும் ஈரம் படாமல் வந்து சேர்ந்திருக்கிறது.

"வில் தெய்வீகமானது, அதுல போயி." இதுதான் எனக்குப் பிடித்தது. டி.எம். கிருஷ்ணா 2020-இல் மிருதங்கம் செய்பவர்களைப் பற்றி 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார். மாடு, எருமை, ஆடு என்று தோல் தேவைப்படும் அந்த வாத்தியத்தைப் பெரும்பாலும் தலித் கிறித்துவக் குடும்பங்கள் செய்கின்றன. வாசித்து மாலை வாங்குகிறவர்கள் வேறு. தோல் மேடையில் ஏறும்போது தெய்வீகம், அதை உரித்தவர் ஏறும்போது தீட்டு.

இது நம் ஆட்களின் தனிச்சொத்து என்றும் நினைத்துவிட வேண்டாம். கொரியாவின் கொம்பு வில்லை எடுத்துக்கொள்ளுங்கள். உலகின் மிக நுட்பமான வில்களில் ஒன்று. வயிற்றில் எருமைக் கொம்பு, நடுவில் மூங்கில், முதுகில் மாட்டுத் தசைநார், ஒட்டுவதற்கு மீனின் காற்றுப்பையைக் காய்ச்சிய பசை, எல்லாவற்றுக்கும் மேல் ஈரம் புகாமல் பூர்ச்ச மரப்பட்டை. அரசர்களும் அறிஞர்களும் போற்றிப் பயின்ற கலை அது. அதே ஜோசன் அரசில், மாடு வெட்டித் தோல் வேலை செய்தவர்கள் பெக்ஜோங் என்று ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டார்கள். 1894-இல் சட்டம் அந்த இழிவை நீக்கியது. மனிதர்கள் நீக்கவில்லை. 1923-இல் ஜின்ஜு நகரில் அவர்கள் ஹ்யோங்ப்யோங்சா என்ற சமத்துவ இயக்கத்தைத் தொடங்க வேண்டியிருந்தது. ஜப்பானிலும் தோல் தொழில் செய்தவர்களின் வாரிசுகளுக்கு இதே கதைதான். மாட்டை வெட்டாமல் தசைநார் எங்கிருந்து வந்தது என்று வில்லை வணங்கியவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. நாமும் கேட்டுக்கொள்வதில்லை.

*

கடைசியாக அந்த ஃபினிஷிங்.

பாம்புத்தோல் ஒட்டும் வழக்கம் உண்மையிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் ராட்டில் பாம்புத்தோலை வில் முதுகில் ஒட்டுகிறார்கள். பார்க்க அழகு. காகிதத் தடிப்பில் இருப்பதால் சிம்பைப் பெரிதாகத் தடுக்காது. நம் மலைப்பாம்பு சைட்டீஸ் உடன்பாட்டின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, இங்கே உரிமம் இல்லாமல் தொடக்கூடாது. ஸ்டிக்கருக்கு உரிமம் தேவையில்லை. அதனால்தான் ஐயா ஸ்டிக்கர் சொன்னார் போலும்.

வில்லுக்கு ஃபினிஷிங் என்பது ஈரத்துக்கு எதிரான வேலி. நம் ஊரில் வெளியே கிடக்கும் மரத்தில் எடைக்கு ஏறக்குறைய 15 விழுக்காடு தண்ணீர் இருக்கும். ஈரம் ஏறினால் மரம் சோர்ந்து, நாண் கழற்றிய பிறகும் வளைந்தே கிடக்கும். தோல் ஈரத்தைக் குடித்தால் இளகும், பூஞ்சை படரும், விளிம்பில் கிளம்பும். வெறும் எண்ணெய் தேய்த்தால் மின்னும், ஆனால் ஆவியைத் தடுப்பதில் அது பலவீனம். நான் அரக்கைத் தேர்ந்தேன். மெழுகு நீக்கிய ஷெல்லாக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணியில் தொட்டு, மெல்லிசாக ஐந்து பூச்சு. ஒவ்வொரு பூச்சுக்கும் இடையில் மெல்லிய மணல்தாள். அதன் மேல் தேய்ப்புக்குத் தாங்க பாலியூரித்தேன் இரண்டு பூச்சு. முதுகுக்கு மட்டும் பூசி வயிற்றை விட்டுவிடக்கூடாது. ஒரு பக்கம் குடித்து மறு பக்கம் குடிக்காத மரம் கோணிக்கொள்ளும்.

இதில் கவனித்தேன்: நல்ல பூச்சு ஒளி புகுவதாக இருக்கிறது. தோலின் நரம்புக் கோடுகள், பிடிக்குக் கொஞ்சம் மேலே அண்ணன் வேண்டுமென்றே விட்டுவைத்த பழுப்பு முடிக்கொத்து, எல்லாம் தெரிகிறது. விரிசல் வந்தாலும் தெரியும். ஸ்டிக்கருக்கு அடியில் விரிசல் வந்தால் தெரியாது. வில் முறியும்போதுதான் தெரியும். தடிமனான வண்ணத்துக்குக் கீழே சரியாக வளையாத வில்லை ஒளித்து விற்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். நாம் அதையே ஒரு பண்பாடாக வைத்திருக்கிறோம். மேலே 'மரபு' என்று தங்க எழுத்து, கீழே யார் தொட்டது என்று கேட்கக்கூடாது.

மரபு மரபு என்று பேசுகிறவர்களிடம் எனக்கு ஒரே கோரிக்கைதான். வில்லை மேடையில் வைக்கிறீர்களா, தோல் எடுத்தவரையும் மேடையில் ஏற்றுங்கள். முடியாதா, வில்லையும் இறக்கிவிடுங்கள். பட்டறை, பயிற்சி என்று மானியம் கேட்டு எழுதுகிறீர்களா, சிலம்ப ஆசானுக்கு எழுதும் தொகையைத் தோல் எடுக்கக் கற்றுத்தருபவருக்கும் எழுதுங்கள். அண்ணன் இப்போது ஒரு தோலுக்கு வாங்குவது 60 வெள்ளி. அதில் பேரம் பேசியவர்களில் நானும் ஒருவன். நம் இலக்கிய நண்பர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். பறை, தோல், அதிர்வு என்று கவிதையில் எத்தனை தடவை வாசித்துவிட்டேன். ஒரு தடவையாவது அந்த ஊறல் தொட்டியில் கை விட்டுப் பாருங்கள். படிமம் குறையும், மரியாதை கூடும்.

நானும் ஒன்றும் யோக்கியன் இல்லை. வில் முடிந்ததும் இன்ஸ்டாகிராமில் படம் போட்டு "முழுக்க முழுக்க என் கையால்" என்று எழுதினேன். 400 லைக். அந்த விழாவுக்குப் பிறகு அதைத் திருத்த நினைத்து அண்ணனிடம் போனேன். நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். "அட விடு தம்பி, அவனுங்க வீட்டுக் கல்யாணத்துக்கு மேளம் வேணும்ல, வருவானுங்க" என்று சிரித்தார். அவர் பெயரை எழுதட்டுமா என்று கேட்டேன். விழாவில் சொல்லாததை ஒரு கட்டுரையிலாவது சொல்லிவிடலாம் என்று எனக்கு ஆசை.

கொஞ்ச நேரம் பேசாமல் தோலைத் திருப்பிப் போட்டார். பிறகு சொன்னார்: "மவளுக்குக் கல்யாணம் பேசியிருக்கு. மாப்பிள்ளை வீட்டுல மேளக் கடைன்னுதான் சொல்லியிருக்கோம். இந்தத் தொட்டிய அவங்க பாக்கல. கல்யாணம் முடியட்டும், போடு."

அதனால்தான் இந்தக் கட்டுரையில் அவர் பெயர் இல்லை. இன்ஸ்டாகிராமில் அந்த வரியை மட்டும் அழித்திருக்கிறேன். அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறது.